ஒன்பது ஆறுக்கு ஊதிய சங்கு

காலை ஒன்பது மணி ஆறு நிமிடத்துக்கு அன்றைய வேலை முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டது என்று சங்குதான் சொன்னது. எட்டரைக்கு ஊதி எல்லாரையும் உள்ளே கூப்பிட்ட அதே சங்கு, முப்பத்தாறு நிமிடம் கழித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகச் சொல்லும் நீளக் குரலில் ஒரு முழு நிமிடம் ஊதியது. பனியன் கம்பெனியில் சங்குக்கு மேல் பேச்சு கிடையாது. தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன. கழுத்துப்பட்டி பாதி தைத்த பனியன்கள் ஊசிக்கடியில் அப்படியே கிடக்க, நூற்றுநாற்பது பேரும் எழுந்து, இன்னும் திறக்காத சாப்பாட்டுத் தூக்குப்போசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்கள்.

"ஏனுங்க, அதுக்குள்ள பொழுது உழுந்துருச்சுங்களா?" என்று வானத்தை அண்ணாந்து பார்த்தார் வாட்ச்மேன் நல்லான்.

"சங்கு ஊதிருச்சுண்ணே. ஊதுனா கெளம்பணும். கம்ப்யூட்டர் ஊதுற சங்குக்குத்தான் இனிமே எல்லாரும் கட்டுப்படணும்னு நேத்து மொதலாளி நோட்டீசு ஒட்டுனாருல்ல?" என்றாள் டெய்லர் முத்துப்பேச்சி. ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வாய் மட்டும் ஊரிலேயே தங்கவில்லை, கூடவே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடிவந்தான் காசிமாயன்.

"யாரும் போகாதீங்க! தப்பா ஊதிருச்சு! உள்ள போங்க!"

"தப்பா ஊதுச்சுன்னு இன்னொரு தடவ ஊதச் சொல்லு தம்பி. வாயில சொன்னா செல்லாது" என்றாள் முத்துப்பேச்சி. நூற்றுநாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தக் கம்பெனிக்கு அவன் வந்து ஐந்து நாளாயிற்று. அவனைப் பார்த்து மனிதர்கள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

காசிமாயனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். வயது இருபத்தெட்டு. கோயமுத்தூர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் சங்கு ஊதுகிற, ஆள் வருகை எழுதுகிற பெட்டியை அந்தக் கம்பெனி விற்கும். இவன் போய் மாட்டி, புரோகிராமைச் சரிபார்த்து, முதலாளியிடம் 'வேலை முடிந்தது' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மூன்று வருஷத்தில் பதினோரு ஊர். பதினோரு லாட்ஜ். பதினோரு மெஸ். எல்லா மெஸ்ஸிலும் ஒற்றை ஆளுக்குச் சுவரைப் பார்த்த பெஞ்சில்தான் இலை போடுவார்கள். எந்த ஊர்ச் சுவரில் என்ன காலண்டர் தொங்கியது என்று கேட்டால் சொல்லிவிடுவான். எந்த ஊரில் யார் பெயர் என்ன என்று கேட்டால் தெரியாது. அவன் பெயரும் யாருக்கும் தெரியாது. எல்லா ஊரிலும் அவன் 'கம்ப்யூட்டர்காரர்.'

இந்தத் தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தில் ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. மதுரையில் கிளை திறக்கிறார்கள். அங்கேயே நிரந்தர வேலை. ஊரிலிருந்து ஒரே பஸ். ராத்திரி அம்மா கையால் சாப்பிடலாம். "திருப்பூர் கையெழுத்து அடுத்த சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள என் டேபிளுக்கு வந்தா மதுரை உனக்கு. வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவேன், நீ ஓசூர் போ" என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. கையில் எட்டு நாள்.

முதலாளி ரத்தினசாமி வந்தார். அறுபது வயது. வெள்ளை வேட்டி, முழங்கை வரை மடித்த சட்டை, எந்தப் பனியனைப் பார்த்தாலும் இழுத்துப் பார்க்கிற விரல்கள்.

"ஏனுங்க தம்பி, நல்லாயிருக்கீங்களா?"

"நல்லாயிருக்கேன் சார்."

"உங்க பொட்டியும் நல்லாயிருக்குதுங்களா?"

"சின்னத் தப்பு சார்..."

"இல்லீங்க, சின்னத் தப்புதானுங்க. நூத்திநாப்பது பேரு ஊட்டுக்குப் பொறப்பட்டுட்டாங்க, அவ்வளவுதானுங்க. பரவாயில்லீங்க. பொட்டியத் தூக்கிக் கெணத்துல போட்டுட்டு, பின்னாலயே உங்களையும் போட்டுர்றனுங்க."

கொங்கு நாட்டில் திட்டுக்கும் 'ங்க' உண்டு. தெற்கத்திப் பையனுக்கு, திட்டுகிறாரா உபசாரம் செய்கிறாரா என்று கண்டுபிடிக்கவே அரை நிமிடம் பிடித்தது.

மத்தியானம் அவன் மெஸ்ஸுக்குக் கிளம்பியபோது முதலாளி வழி மறித்தார்.

"எங்கீங்க?"

"சாப்பிட..."

"போக இருவது நிமிசம், வர இருவது நிமிசம், நடுவுல இருவது நிமிசம். அந்த ஒரு மணி நேரம் ஆருதுங்க? என்னுதுங்க. கம்பெனிக்குப் பின்னாலதான் ஊடு. அங்கயே உண்டுட்டு ஓடியாந்து பொட்டியப் பாருங்க."

வீடு பெரியது. பன்னிரண்டு நாற்காலி போட்ட மேஜை. சமையல்காரி பழனாத்தாள் இரண்டு தட்டு வைத்து, அரிசிம்பருப்புச் சோற்றில் குழி பறித்து நெய் விட்டாள். காசிமாயன் மெஸ் பழக்கத்தில் நாலே வாயில் பாதித் தட்டைக் காலி பண்ணினான்.

"ஆருங்க தொரத்தறாங்க? மென்னு தின்னுங்க. வயித்து வலின்னு நாளைக்கு லீவு போடறதுக்கா?" என்று அதட்டினார் முதலாளி. "செரி, சொல்லுங்க. அதென்ன ஒம்போது ஆறு?"

காசிமாயன் சொன்னான். அவன் சொன்னதை நான் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். நடுராத்திரியிலிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அந்த புரோகிராமின் வேலை. எண்ணிய எண்ணை ஒரு டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிற சி மொழியில் 'இன்ட்' என்று எழுதினால் கிடைப்பது சின்ன டப்பா. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைக்கும்தான் அதில் கொள்ளும். அத்தனை விநாடி ஆவது சரியாகக் காலை ஒன்பது மணி, ஆறு நிமிடம், ஏழு விநாடிக்கு. எட்டாவது விநாடி வந்ததும் டப்பா நிரம்பி, எண் தலைகுப்புறக் கவிழ்ந்து, கழித்தல் குறி போட்டுக்கொண்டு பாதாளத்தில் போய் விழும். 'மணி எட்டரைக்கும் கீழே போய்விட்டதே, அப்படியென்றால் இது வேலை நேரம் இல்லை' என்று நினைத்துக்கொண்டு புரோகிராம் வீட்டுக்குப் போகிற சங்கை ஊதிவிட்டது. கோயமுத்தூரில் சோதித்தபோது எட்டரைச் சங்கு ஊதியதுமே மேனேஜர், "பிரமாதம், பேக் பண்ணு" என்று சொல்லிவிட்டார். ஒன்பது ஆறு வரைக்கும் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

முதலாளி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அதாவது, எம்பது சைஸ் பனியனுக்குள்ள நூறு சைஸ் ஆளத் திணிச்சுப்போட்டீங்க."

காசிமாயனுக்கு ஆச்சரியம். மூன்று வருஷத்தில் பதினோரு முதலாளிகளுக்கு எதையெதையோ விளக்கியிருக்கிறான். ஒருவருக்கும் ஒன்றும் புரிந்ததில்லை. "ஆமா சார். அதேதான்."

"கிழியாம என்னுங்க பண்ணும்? துணி மடிக்கிற எங்க கைமடிப் பொம்பளைங்களுக்குக்கூடத் தெரியுமுங்களே. வெட்டறதுக்கு முன்னால அளவெடுக்க மாட்டீங்களா?"

அன்றே பெரிய டப்பாவாக மாற்றியிருக்கலாம். ஆனால் அவனுக்கு மதுரை அவசரம். 'கழித்தல் குறியே வேண்டாம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அதே டப்பாவில் இரண்டு மடங்கு கொள்ளும். ஒரே இடத்தில், ஒரே சொல். சேர்த்தான். ராத்திரி ஏழரைக்கு எழுந்து நின்று சோம்பல் முறித்தான்.

சனிக்கிழமை ஒன்பது ஆறு அமைதியாகக் கடந்து போனது. பதினோரு மணி டீச் சங்கு டாண் என்று ஊதியது. காசிமாயன் கையெழுத்துக் காகிதத்தை எடுத்துத் துடைத்து வைத்தான்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதவில்லை.

ஒன்று ஐந்து. ஒன்று இருபது. சங்கு ஊதாமல் யாரும் எழ மாட்டார்கள். ஒன்றரைக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முத்துப்பேச்சி வந்து நின்றாள். பஞ்சுத் தூசு போகக்கூடாது என்று அந்த அறைக்குள் யாரையும் விடுவதில்லை. தொட்டிக்குள் மீனைப் பார்ப்பதுபோல வெளியே நின்றுதான் பார்ப்பார்கள். அவள் வயிற்றைத் தடவிக் காட்டினாள். கையைச் சங்குபோல வாயில் வைத்து ஊதிக் காட்டினாள். பிறகு, பொறுமை போய்க் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"ஏந் தம்பி, ஒம் பொட்டி விரதமா? இல்ல, எங்களுக்குத்தான் விரதமா?"

என்ன ஆயிற்று என்றால், அவன் 'நேரம்' என்கிற டப்பாவை மாற்றினான், 'இன்னும் எவ்வளவு மீதி' என்கிற டப்பா அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவில்லை. ஒரு மணிக்குச் சரியாக, ஆள் வருகைத் தாள் அச்சாகிக்கொண்டிருந்ததில் பெட்டி ஒரு விநாடி தாமதித்துவிட்டது. மீதி நேரம், கழித்தல் ஒன்று. கழித்தல் குறிக்குத்தான் இடமில்லையே? அந்த ஒன்று அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்தாக மாறிவிட்டது. 'சாப்பாட்டுக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருக்கிறது' என்று பெட்டி நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டது. அப்படியே விட்டிருந்தால் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஊதியிருக்கும். அன்றைய மீதிச் சங்கையெல்லாம் பெட்டியை விட்டுக் கையால்தான் ஊத வேண்டியதாயிற்று.

"ஒடம்பு ஒரு சைஸு, கை ஒரு சைஸு" என்றார் முதலாளி, கொள்ளு ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபடி. மணி அப்போது இரண்டரை. "இப்படி பீஸ் வந்தா நானு ரிஜெக்ட்ல தூக்கிப் போட்டுருவனுங்க. அம்மா இருக்காங்களா ஊர்ல?"

"இருக்காங்க சார்."

"எழுதப் படிக்கத் தெரியுமுங்களா?"

"தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சர் படிச்சுக் காட்டுவாங்க. அதனால எதையும் வெளிப்படையா எழுத முடியாது. நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கியா. அவ்வளவுதான்."

"பேச்சுதான் நல்லாப் பேசறீங்க. வேலையக் காணோம். பழனாத்தா, அவுருக்கு இன்னொரு கை சோறு போடு. தெம்பில்லாமத்தான் தப்புத் தப்பா எழுதறாரு."

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. காசிமாயன் லாட்ஜ் அறையில் படுத்து விசிறியை எண்ணினான். மூன்று இறக்கை. மத்தியானம் மெஸ்ஸில் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அன்று முழுக்க அவன் பேசிய ஒரே வார்த்தை, "சாம்பார்."

திங்கட்கிழமை எல்லா டப்பாவையும் ஒரே மாதிரி, கழித்தல் குறி இல்லாத இரட்டை அளவாக ஆக்கி, தாமதமானால் மீதியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளச் செய்தான். ஒன்பது ஆறு போயிற்று. ஒரு மணிச் சாப்பாடும் வந்தது. சாயங்காலம் ஓவர்டைம் நடந்துகொண்டிருந்தபோது, மணி ஆறு பன்னிரண்டு ஆனது.

இரட்டை டப்பாவுக்கும் ஒரு வாய் உண்டல்லவா? அது நிரம்புவது சாயங்காலம் ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் பதினைந்து விநாடிக்கு. அடுத்த விநாடி எண் பூஜ்யமானது. பூஜ்யம் என்றால் நடுராத்திரி. நடுராத்திரியில் பெட்டி தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்ள மூன்று தரம் குட்டையாக ஊதிப் பார்க்கும்படி காசிமாயன்தான் எழுதி வைத்திருந்தான். ராத்திரி எட்டரைக்கு நல்லான் சங்குக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார், அதனால் யாருக்கும் கேட்காது என்பது அவன் கணக்கு. ஆறு பன்னிரண்டுக்கு மின்சாரம் இருந்தது.

அந்தத் தெருவில் மூன்று குட்டைச் சங்குக்கு ஒரே அர்த்தம். தீ.

அடுத்த கம்பெனியிலிருந்து மணல் வாளிகளோடு இருபது பேர் மதில் ஏறிக் குதித்தார்கள். எதிர் வீட்டுப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். எங்கே எரிகிறது என்று யாரும் கேட்கவில்லை. பஞ்சு இருக்கிற இடத்தில் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. கண்ணில் பட்ட முதல் அட்டைப்பெட்டிக் குவியலின் மேல் ஊற்றினார்கள். அது மறுநாள் தூத்துக்குடி போக வேண்டிய சரக்கு.

"அணைஞ்சிருச்சுங்களா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் அடுத்த கம்பெனி மேஸ்திரி.

"நெம்ப நல்லா அணைஞ்சிருச்சுங்க" என்றார் ரத்தினசாமி. "எரியவே இல்லீங்க, அதுக்குள்ள அணைச்சுப்போட்டீங்க. வாங்க, காப்பி குடிச்சுட்டுப் போவீங்க."

காசிமாயன் தூணுக்குப் பின்னால் நின்றான். மதுரை போய்விட்டது, ஓசூரும் போய்விட்டது, மிச்சம் கிணறுதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் முதலாளி கிணற்றைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காலை அவனை வீட்டுக்கு வரச் சொன்னார். "உங்க புரோகிராமு மொத்தத்தையும் காயிதத்துல அடிச்சு எடுத்துட்டு வாங்க. எம்முன்னாலயே அளவெடுங்க. நானு செக்கிங் பண்றனுங்க."

"உங்களுக்கு சி தெரியுமா சார்?"

"எனக்கு சைஸ் தெரியுமுங்க."

செவ்வாய்க்கிழமை முழுக்கப் பன்னிரண்டு நாற்காலி மேஜையில் ஆயிரத்து நூறு வரிகள் நீளமாக விரிந்து கிடந்தன. சங்கை அன்று நல்லான் கையால் அமுக்கி ஊதினார். காசிமாயன் சிவப்புப் பென்சிலோடு வரிக்கு வரி 'இன்ட்' இருந்த இடத்தையெல்லாம் அடித்து 'லாங்' என்று எழுதினான். லாங் என்றால் பெரிய டப்பா. அறுபது வருஷத்து விநாடியைக் கொட்டினாலும் நிரம்பாது. ரத்தினசாமி கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, குவிந்த பனியன்களில் ஓட்டை தேடுகிற அதே கண்ணோடு அவன் பின்னாலேயே வந்தார்.

"இங்கொண்ணு எம்பது நிக்குதுங்க."

"எங்க சார்? ஆமா. விட்டுட்டேன்."

"இதா, இன்னொண்ணு."

சாயங்காலம் நாலு மணிக்குக் காசிமாயன் முடிந்தது என்று பென்சிலைக் கீழே வைத்தான். முதலாளியின் விரல் ஒரு வரியில் நின்றது.

"தம்பி, இதுக்கு சைஸே போடலியே?"

காசிமாயன் குனிந்து பார்த்தான். நேரத்தைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற பகுதியின் தலைப்பு. அதன் முன்னால் என்ன அளவு என்றே எழுதவில்லை. எழுதாமல் விட்டால் சி மொழி அதைச் சின்ன டப்பா என்றுதான் எடுத்துக்கொள்ளும். எல்லா டப்பாவையும் பெரிதாக்கிவிட்டு, வாசலை மட்டும் சின்னதாக விட்டுவைத்திருந்தான்.

"சார்," என்றான், "இதுதான் சார். இது மட்டும் இருந்திருந்தா நாளைக்கும் ஒம்பது ஆறுக்கு ஊதியிருக்கும்."

"சைஸ் லேபிள் இல்லாத பீஸ் செக்கிங் தாண்டிப் போனதா எங்கம்பெனியில சரித்திரமே இல்லீங்க" என்றார் முதலாளி. அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த இடம் சரியில்லை என்பதுபோலத் திரும்பிப் போனது.

ஐந்து மணிக்குப் புதிய புரோகிராம் ஏறியது. ஆறு பன்னிரண்டுக்கு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த கம்பெனிக்காரர்கள் மதில் மேல் வாளியோடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. காசிமாயன் கையெழுத்துக் காகிதத்தை நீட்டினான்.

முதலாளி அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ஒரு ஒம்போது ஆறு தாண்டட்டுமுங்க. பாத்துட்டுப் போடறேன்."

புதன்கிழமை ஒன்பது ஆறுக்குச் சங்கு ஊதியது. நீளமாக, ஒரு முழு நிமிடம்.

காசிமாயன் நாற்காலியிலிருந்து எழவே இல்லை. திரையையே முறைத்துப் பார்த்தான்.

"நானும் பாத்தனேங்க!" என்று கத்திக்கொண்டு வந்தார் முதலாளி. "என்ற கண்ணையே ஏமாத்திப்போட்டுதே! மறுபடியும் மொதல்லருந்து பாருங்க. நீங்க எங்கயும் போகப்படாது. சோத்துக்கு நேரா ஊட்டுக்கு வந்துருங்க."

மறுபடியும் முதலிலிருந்து பார்த்தான். ஒரு தப்பும் இல்லை. திரையில் விநாடிகள் ஒன்பது ஆறைச் சாதாரணமாகத் தாண்டிப் போயிருந்தன, எறும்பு கோலத்தைத் தாண்டுவதுபோல. ஆனால் சங்கு ஊதியிருந்தது.

வியாழக்கிழமையும் ஊதியது. இந்தத் தடவை கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தான். ஒன்பது ஆறு நாற்பது. விநாடி பிசகியிருந்தது! வெள்ளிக்கிழமை ஒன்பது ஐந்து ஐம்பது. கம்ப்யூட்டர் தப்பு பண்ணும், ஆனால் சொன்ன விநாடிக்குத்தான் பண்ணும். இப்படி மனிதனைப்போல முன்னே பின்னே பண்ணாது. வோல்டேஜாக இருக்குமோ என்று எழுதி வைத்தான். வெயிலாக இருக்குமோ என்று எழுதினான். பஞ்சுத்தூசு என்று எழுதினான். கடைசியில் 'என் தலையெழுத்து' என்று எழுதி, அதையும் அடித்தான்.

தொழிலாளிகள் பழகிவிட்டார்கள். ஒன்பது ஆறுக்கு ஊதினால் இப்போது ஒருவரும் எழுவதில்லை. முத்துப்பேச்சி மட்டும் மெஷினை நிறுத்தாமலே, "ஆத்தி, கம்ப்யூட்டருக்குக் கொட்டாவி வந்துருச்சு!" என்று குரல் கொடுப்பாள். வரிசை முழுக்கச் சிரிக்கும்.

சாப்பாடு மட்டும் நடந்தது. வெள்ளிக்கிழமை முதலாளி சாப்பிட உட்கார்ந்தது ஒரு மணிக்கு, எழுந்தது மூன்று மணிக்கு. தன் முதல் தையல் மெஷினை வாங்க உடுமலைப்பேட்டைக்கு மாட்டுவண்டியில் போன கதையைச் சொன்னார். நடுவில் வண்டிமாடு படுத்துக்கொண்டது. அதற்கே அரை மணி நேரம் ஆயிற்று. காசிமாயன் நெளிந்தான்.

"சார், நாளைக்கு சனிக்கிழமை. நாளைக்குக் கையெழுத்து போகலேன்னா மதுரை இல்ல."

"சங்கு சரியாவாம நானு எப்படீங்க கையெழுத்துப் போடறது? பொய்க் கையெழுத்தா?" முதலாளி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மோரு ஊத்திக்கோங்க."

அறைக்குத் திரும்பும்போது காசிமாயனுக்கு ஒன்று தோன்றியது. மதுரையோ ஓசூரோ, நாளைக்கு இந்த ஊரை விட்டுப் போனால் யாரிடம் சொல்லிக்கொண்டு போவது? லாட்ஜ்காரர் சாவியை வாங்கிக்கொள்வார். மெஸ்காரர் மிச்ச டோக்கனை வாங்கிக்கொள்வார். வேறு யார் இருக்கிறார்கள்? இருக்கிற ஒரே ஆள், நாள் தவறாமல் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துத் திட்டுகிற ஆள். அவரிடம் போய் வருகிறேன் என்று சொன்னால், 'எங்கீங்க வருவீங்க, பொட்டியச் சரி பண்ணிட்டுப் போங்க' என்பார். நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினான். பஞ்சுத்தூசு என்று வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை எட்டரைச் சங்கு ஒழுங்காக ஊதியது. காசிமாயன் அதற்கு மேல் எதையும் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் மீதியில்லை. ஒன்பது மணிக்கு எழுந்து, ஆணி அடித்தாற்போல நின்று யோசித்தான். பிறகு, மூன்று வருஷத்தில் வேலை நேரத்தில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தான். கம்ப்யூட்டரை அணைத்தான். அணைத்தது போதாதென்று பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். திரை இருண்டது. கம்ப்யூட்டர் இரைச்சல் நின்ற அறையில் முதல் தடவையாக அவனுக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது.

ஒன்பது நாலு. ஒன்பது ஐந்து.

ஒன்பது ஆறுக்குச் சங்கு ஊதியது.

"ஆத்தி, கொட்டாவி!" என்று முத்துப்பேச்சியின் குரல் வந்தது.

காசிமாயன் பிளக்கும் கையுமாக ஓடினான். தையல் வரிசையைத் தாண்டி, அட்டைப்பெட்டிகளைத் தாண்டி, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சுவிட்ச் அறைக் கதவைத் தள்ளினான்.

உள்ளே வாட்ச்மேன் நல்லான் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் ஒரு பழைய கைக்கடிகாரம். வலது கைப் பெருவிரல் சங்கின் சிவப்புப் பொத்தானில். உதடு விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. காசிமாயனைப் பார்த்தும் அவர் விரலை எடுக்கவில்லை. நிமிடம் முடிகிற வரைக்கும் பொறுப்பாக அமுக்கிவிட்டு, பிறகுதான் எடுத்தார்.

சங்கு ஓய்ந்தது. நல்லான் தலைத்துண்டை அவிழ்த்து, அதன் முடிச்சிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அவனிடம் நீட்டினார்.

"பொட்டி செவ்வாக்கெழமையே சரியாப்போச்சுங்க தம்பி, கையெழுத்தும் மொதலாளி அன்னைக்கே போட்டு எங்கிட்டக் குடுத்துட்டாருங்க; 'கண்டுபுடிச்சா மறுபேச்சில்லாமக் குடுத்துரு, அது வரைக்கும் தெனமும் ஒம்போது ஆறுக்கு அமுக்கு, அந்த ஊட்ல ஒத்தையா உக்காந்தா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது'ன்னு சொல்லிப்போட்டாருங்க."